திறந்த அணுகலும் தமிழாய்வும்: ஒரு மதிப்பீடு

முதல் உலகத் தமிழ் மாநாடு 1966ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நிகழ்ந்தது. அதன் கட்டுரைகள் பின்னர் அச்சேறின. எனினும் அச்சேறுதலும் வாசகரைச் சென்றடைதலும் ஒன்றல்ல. தெங்கேராவிலோ மலாக்காத் தோட்டப்புறத்திலோ பணியாற்றும் தமிழாசிரியர், தம் மக்களைப் பற்றிய ஆய்வேட்டைக் காணத் தலைநகர் நூலகத்தை நாட நேருமாயின், அவ்வாய்வின் பயன் குறைவுபடுகிறது எனலாம்.

2002ஆம் ஆண்டின் புடாபெஸ்ட் அறிக்கை இதற்கு இரு வழிகளைக் காட்டியது: கட்டுரையை ஆய்வாளரே மின்காப்பகத்தில் இடுதல், கட்டணமின்றிப் படிக்கத்தக்க ஆய்விதழ்களை நடத்துதல். படித்தற்கு மட்டுமன்றிப் படியெடுத்தற்கும் பகிர்தற்கும் அது உரிமை கோரியது. இக்கருத்து தமிழுக்குப் புதிதன்று. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், முகப்புப் பக்கத்தை மாற்றாமல் தன் மின்பதிப்புகளை எவரும் இலவசமாகப் பகிர இசைவளித்தது.

ஆயின், அத்திட்டம் திறந்து வைத்தவை இலக்கிய நூல்கள். அவற்றைப் பற்றிய ஆய்வேடுகளுள் பல இன்னும் தாளிலேயே உறைகின்றன. இணையமேறியவற்றுள்ளும், எழுத்துணரிக்கு உட்படுத்தப்படாத படங்களும் ஒருங்குறியில் அமையாத கோப்புகளும் தேடலுக்கு அகப்படுவதில்லை.

விலையில்லாதது தரமற்றது என்பார் உளர். தரத்தை உறுதிசெய்வது மதிப்பீட்டாளரின் நுண்ணாய்வேயன்றி விலையன்று. அதே வேளை, வாசகர் செலுத்திய கட்டணத்தை எழுதுவோர்மீது சுமத்தும் முறையையும் நாம் ஏற்பதற்கில்லை. அது கட்டுரை எழுதும் பள்ளி ஆசிரியர்க்கு வேறொரு கதவை அடைத்துவிடும். பல்கலைக்கழகமே அச்செலவை ஏற்பதே முறை. அப்போதுதான் தோட்டத் தமிழர் ஆய்வுப் பொருளாக மட்டுமன்றி ஆய்வின் வாசகராகவும் விளங்குவர்.