ஞெலிகோலும் அப்பர் திருவாக்கும்

கடைந்து தீயுண்டாக்குங் கோலுக்கு ஞெலிகோல் என்பது பழம்பெயர். தீக்கடைகோல் எனவும் வழங்கும். ஞெலிதலாவது கடைதல். காஞ்சியிலிருந்தாண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், இடையன் ஞெலிகோலாற் பெற்ற தீயைக்கொண்டு குழலுக்குத் துளையிடுகின்றான். புறநானூறு 315ஆம் பாட்டில், ஔவையார் அதியமானது அடங்கிய ஆற்றலுக்குக் கூரையிறப்பிற் செருகிய ஞெலிகோலை உவமை கூறினார்.

அப்பரடிகள் நீற்றறையில் அருளியதாகப் போற்றப்படும் ஐந்தாந்திருமுறைப் பதிகத்தின் இறுதிப்பாட்டில், விறகில் தீயும் பாலில் நெய்யும்போல இறைவன் மறைந்துநிற்கின்றான் என்றும், உறவாகிய கோலை நட்டு உணர்வாகிய கயிற்றாற் கடைய வெளிப்படுவான் என்றும் அருளினார். ஈண்டுக் கோலுங் கயிறும் தயிர் கடைதற்கே உரியன, விறகுவமை மறைந்திருத்தல் மாத்திரையே குறித்தது எனக் கொள்ளின், ஓருவமை முடமாய்விடும். அரணி கடைவோரும் கீழ்க்கட்டையின்மேற் கோலை நிறுத்திக் கயிறுசுற்றி மாறிமாறி இழுப்பர். ஆதலின் கோலுங் கயிறும் ஈருவமைக்கும் பொதுவென்க.

இன்று காஞ்சியை அடுத்த ஓரிக்கையிலும் ஒருமுறை உரைத்த அளவில் தீக்குச்சி பற்றிக்கொள்ளும். அவ்வெளிமையே கண்டு பழகினார்க்குக் கடைதலின் வருத்தம் புலப்படாது. கயிறு தளரிற் கோல் சுழலாது. கோல் ஊன்றாவிடிற் கயிறு பயன்படாது. அன்பும் அறிவும் அத்தகையன. இடையே கை ஓயின் பிறந்த வெம்மையும் ஆறிப்போம்.

கோல் தீயைப் படைப்பதன்று. விறகில் உள்ளதனையே விளக்குவது. நீற்றறையின் வெந்தீயினிடையே இருந்தவர், விறகினுள் மறைந்த தீயை நினைந்து பாடினார் என்பது நெஞ்சில் நிறுத்தற்பாலது.