புள்ளி மறையும் இடம்

புதிதாக ஒரு சமூக வலைச் செயலியோ உலாவியோ கைப்பேசியில் இறக்கினால், முதல் வேலையாகத் தமிழ் எழுதும் செயலியான செல்லினத்தை வரவழைத்து ஒரு வரி தமிழ் எழுதிப் பார்ப்பேன். அதன் அஞ்சல் விசைமுகத்தில் ஒலிக்கு ஒலி தட்டும்போது திரையைக் கவனியுங்கள். முதலில் 'க்' வந்து நிற்கும். ஒகரத்தைத் தட்டியதும் தலைமேல் இருந்த புள்ளி போய்விடும். இடப்பக்கம் ஒற்றைக்கொம்பு, வலப்பக்கம் கால், நடுவே ககரம். 'கொ' பிறந்தாயிற்று! 'வந்தான்' என்று அடித்தால், தகரத்துக்கு முன் எந்த நகரம் வேண்டும் என்பதை அதுவே அறிந்து வைக்கும். செல்லினத்தை இழைத்தவர் நம் மலேசியாவின் முத்து நெடுமாறன். அவருடைய பொறுமை ஒவ்வொரு தட்டலிலும் விரலுக்குத் தெரிகிறது.

பண்டார் தெங்காராவில், செம்பனைக் காட்டுக்கு நடுவே இருக்கும் அக்கா, காலையில் இதே செல்லினத்தில் தட்டி, புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) கேட்பார்: "பசியாறியாச்சா தம்பி?" அந்த வல்லின றகரத்துக்காகக் கட்டைவிரல் ஒருமுறை ஷிப்ட்டைத் தேடிப் போய் வரும். மெல்லிய 'டக்', பிறகு சிறு இடைவெளி, மறுபடி 'டக்'. இடையின ரகரம் விழுந்துவிட்டால் அழித்துத் திருத்தாமல் அனுப்பவே மாட்டார். குரல்பதிவு என்றால் நொடியில் முடியும். ஆனாலும் எழுதித்தான் அனுப்புவார். அண்மையில் மகன் அவருக்கு டெலிகிராம் போட்டுக் கொடுத்தான். அதில் எனக்கு வந்த முதல் செய்தி: "மீன் கறி இருக்கு, வந்து எடுத்துக்கோ." றகரம் சரியாக இருந்தது.