அந்த 2019, அந்த ஜோ பரோ!

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் நல்ல சீசன்கள் எத்தனையோ வந்திருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 2019-இல் லூசியானா ஸ்டேட் டைகர்ஸ், அதாவது எங்கள் எல்.எஸ்.யு., ஆடிய ஆட்டம் இருக்கிறதே, அதற்குப் பக்கத்தில் வைக்க எனக்கு வேறொன்று கிடைக்கவே இல்லை. 15 ஆட்டம், 15 வெற்றி, மொத்தம் 726 புள்ளி! இதை எழுதும்போதே கை பரபரக்கிறது.

ஜோ பரோ என்ற பையன், பந்தை வீசும் குவார்ட்டர்பேக், ஒஹாயோ ஸ்டேட்டில் வாய்ப்புக்காகக் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, 2018-இல் எங்கள் ஊரான பேட்டன் ரூஜுக்கு வந்து சேர்ந்தான். முதல் வருஷம் 16 டச்டவுன் பாஸ், அதாவது எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி சேர்த்த வீச்சுகள். பரவாயில்லை ரகம். அடுத்த வருஷம்? 60! ஆமாம், அறுபது! எல்.எஸ்.யு. என்றாலே பந்தை ஓட்டக்காரர் கையில் கொடுத்து முட்டி மோதுகிற அணி என்றுதான் பேர். அங்கே நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியிலிருந்து ஜோ பிரேடி என்ற இளம் பயிற்சியாளர் வந்தார். மைதானம் முழுக்க ஆட்களைப் பரப்பி நிறுத்து, சட்டென்று வீசு என்றார். அவ்வளவுதான், பூட்டியிருந்த கதவு திறந்துகொண்டது.

செப்டம்பரில் ஆஸ்டினில் டெக்சஸோடு ஆட்டம். கொஞ்சம் கற்பனை செய்துகொள்ளுங்கள்: 37-31 என்று நாம் முன்னால், சுமார் இரண்டரை நிமிஷம் பாக்கி. நான்கு முயற்சிக்குள் 10 யார்டு நகர வேண்டிய விளையாட்டில், இது மூன்றாவது முயற்சி, இன்னும் 17 யார்டு வேண்டும். வேறு எந்த அணியும் பந்தைப் பொத்திப் பிடித்துக்கொண்டு நேரத்தைக் கரைக்கத்தான் பார்க்கும். பரோ என்ன செய்தார் தெரியுமா? டெக்சஸ் ஆட்கள் பாய்ந்து வருகிறார்கள், ஒரு எட்டு முன்னால் நகர்ந்து வீசினார், ஜஸ்டின் ஜெஃபர்சன் பிடித்தார், ஓடினார், ஓடிக்கொண்டே இருந்தார், 61 யார்டு, டச்டவுன்! டி.வி. முன்னால் நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது.

ஆனால் என்னைக் கேட்டால் உச்சம் அக்டோபர் 12-தான், ஃப்ளோரிடா வந்த ராத்திரி, ஏனென்றால் நான் அங்கே இருந்தேன்! டைகர் ஸ்டேடியத்தில் ராத்திரி ஆட்டம் என்றால் பேட்டன் ரூஜ் ஊரே காலையிலேயே கிளம்பிவிடும், கார் நிறுத்துமிடமெல்லாம் கல்யாண வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி பெரிய பெரிய பாத்திரங்களில் ஜம்பலாயா சோறு கொதிக்கும், முகம் தெரியாதவர்கள் தட்டை நீட்டிச் சாப்பிடச் சொல்வார்கள், அடைப்புக்குள் எங்கள் அணியின் சின்னமான நிஜப் புலி மைக் உலாத்திக்கொண்டிருக்கும், பல்கலைக்கழக பேண்டு தன் பாட்டின் முதல் நாலே நாலு ஸ்வரத்தை ஊதினால் போதும், ஒரு லட்சம் பேருக்கும் மயிர்க்கூச்செறியும். 1988-இல் ஆபர்ன் ஆட்டத்தில் இங்கே எழுந்த சத்தம் நில அதிர்வுக் கருவியிலேயே பதிவானதாம், அதில் எனக்கு ஆச்சரியமே இல்லை, ஏனென்றால் காலுக்குக் கீழே கான்கிரீட் நடுங்குவதை இந்த ஃப்ளோரிடா ராத்திரியில் நானே உணர்ந்தேன்! இரண்டு அணியும் அதுவரை தோற்றதே இல்லை, மூன்றாம் கால்பகுதியில் 28-21 என்று ஃப்ளோரிடா முந்திவிட்டது, வயிற்றைப் பிசைகிறது, பிறகு நாம் சமன் செய்து, 35-28 என்று தாண்டி, மறுபடி அவர்கள் எல்லைக்கோட்டை நெருங்கும்போது, டெரெக் ஸ்டிங்லி, உள்ளூர்ப் பையன், முதலாமாண்டு மாணவன், அவர்கள் பாஸை எல்லைக்கோட்டுக்கு அப்பாலுள்ள எண்ட் ஸோனில் பறித்தான் பாருங்கள், ஐயோ, அந்தச் சத்தம்! அது அடங்குமுன்னே பரோ வீச, ஜமார் சேஸ் 54 யார்டுக்குப் பறந்தார். 42-28. பரோ அன்றைக்கு வீசியது 24, சேர்ந்தது 21! மூன்றே மூன்று தவறியது! எனக்கு ரெண்டு நாள் குரலே வரவில்லை, அதைப் பெருமையாக ஆபீஸ் முழுக்கச் சைகையில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தடுப்பாட்டத்தில் கொஞ்சம் ஓட்டை இருந்தது உண்மைதான், மிசிசிப்பி அணியிடம் 37 புள்ளி விட்டோம். போகட்டுமே, நாம் எடுத்தது 58!

நவம்பரில் அலபாமா. அதற்கு முன்னால் தொடர்ந்து எட்டு முறை அவர்களிடம் தோற்றிருந்தோம், எட்டு! அவர்கள் ஊரிலேயே 46-41 என்று அந்தக் கணக்கைத் தீர்த்தோம். ஆள் குள்ளம்தான், ஆனால் கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர் மோதியவர்களை உதறிவிட்டு மொத்தம் நாலு டச்டவுன் போட்டார். லூசியானா மண்ணிலேயே பிறந்த பயிற்சியாளர் எட் ஆர்ஜெரான், அந்தக் கரகரத்த குரலோடு, கண் கலங்கி நின்றார். நானும்தான்.

டிசம்பரில் பரோவுக்கு ஹெய்ஸ்மன் விருது, கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்கானது. மேடையில் அவர் பேசியது தன்னைப் பற்றி அல்ல, ஒஹாயோவில் தன் பகுதியில் பசியோடு பள்ளியிலிருந்து வீடு திரும்பும் பிள்ளைகளைப் பற்றி. அதைக் கேட்டு, அங்குள்ள உணவு வங்கிக்கு ஜனங்கள் பணம் அள்ளிக் கொடுத்தார்கள். இப்படி ஒரு பையனை எப்படிக் கொண்டாடாமல் இருப்பது?

அரையிறுதியில் ஓக்லஹோமாவுக்கு எதிராக முதல் பாதியிலேயே ஏழு டச்டவுன் பாஸ், 63-28. கடைசியாக இறுதி ஆட்டம், 2020 ஜனவரி 13, நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம். எதிரே 29 ஆட்டமாகத் தோற்காத கிளெம்சன். 17-7 என்று பின்தங்கினோம், நான் கலங்கவில்லை, சத்தியமாக! இந்த அணியைப் பார்த்தவர்கள் யாரும் கலங்கியிருக்க மாட்டார்கள். 42-25. பரோ 463 யார்டு வீசி, உடை மாற்றும் அறையில் சுருட்டைப் பற்றவைத்து உட்கார்ந்தார்.

இந்த விளையாட்டின் விதி ஒன்றும் புரியாவிட்டாலும் பரவாயில்லை. டெக்சஸ் ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிஷத்தை எங்காவது தேடிப் போட்டுப் பாருங்கள், தயவுசெய்து பாருங்கள். பார்த்து முடித்ததும் அலபாமா ஆட்டத்தைத் தேடுவீர்கள்.