சாம்பலிலிருந்து ஒரு வாழ்க்கை

1860 செப்டம்பரில் சார்லஸ் டிக்கன்ஸ் தன் காட்ஸ் ஹில் வீட்டுக்குப் பின்னால் இருபது வருடக் கடிதங்களைப் போட்டுக் கொளுத்தினார். பிள்ளைகள் கூடை கூடையாகச் சுமந்து வந்து கொட்டினார்கள். கனன்ற சாம்பலில் வெங்காயம் சுட்டுத் தின்றார்கள். அவருக்கும் நடிகை நெல்லி டெர்னனுக்கும் ஏறத்தாழ 13 வருடம் உறவு இருந்தது. அவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதம் ஒன்றுகூட இன்று இல்லை. அந்தப் பெண்ணின் வாழ்க்கையைத்தான் கிளேர் டோமலின் 1990-இல் ‘தி இன்விசிபிள் உமன்’ என்ற நூலாக எழுதினார்.

பெரிய மனிதர்களைப் பற்றி எழுதுபவருக்குக் காகிதம் மலையாகக் குவிந்து கிடக்கும்; எதைத் தள்ளுவது என்பதே பாடு. மறக்கப்பட்டவர்களைத் தேடிப் போகிறவருக்குக் கிடைப்பதே நாலு துண்டுதான். அந்தத் துண்டுகளுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தை அவர் எப்படிக் கடக்கிறார் என்று பார்க்கப் பழகினால், இவ்வகை நூல்களின் ருசி பிடிபட்டுவிடும்.

முதலில், டிக்கன்ஸ் எப்போது வருவார் என்று பக்கத்தைத் தள்ளாதீர்கள். தொடக்க அத்தியாயங்கள் முழுக்க நாடகக்காரர்களின் உலகம். நெல்லியின் அம்மா நடிகை. மூன்று பெண்களும் சிறு வயதிலேயே மேடையேறியவர்கள். அப்பா 1846-இல் மனநலக் காப்பகத்தில் இறந்துபோக, குடும்பம் அம்மாவின் நடிப்பை நம்பியே பிழைத்தது. நடிகைக்குச் சொந்தச் சம்பாத்தியம் உண்டு. கண்ணியமான வீடுகளில் மதிப்பு கிடையாது. இது மனதில் பதிந்தால்தான், 1857-இல் மான்செஸ்டரில் 45 வயது டிக்கன்ஸின் நாடகத்தில் 18 வயது நெல்லி நடிக்க வந்தபோது அந்தக் குடும்பத்துக்கு அது என்னவாகத் தெரிந்திருக்கும் என்பது புரியும்.

கையில் ஒரு பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். ‘இருக்கலாம்’, ‘தெரியவில்லை’ என்று டோமலின் சொல்லும் இடங்களில் கோடிடுங்கள். நான் அப்படித்தான் இரண்டாம் முறை படித்தேன். முதல் முறை கதையாக ஓடிய நூல், அப்போது ஒவ்வொரு கல்லாக வைத்துக் கட்டிய சுவராகத் தெரிந்தது.

டிக்கன்ஸ் ஒவ்வொரு வருட முடிவிலும் தன் சட்டைப்பை நாட்குறிப்பை அழித்துவிடுவார். 1867-ஆம் வருடத்துக் குறிப்பு மட்டும் அமெரிக்கப் பயணத்தில் தொலைந்து, பிறகு நியூயார்க் பொது நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. உள்ளே ஓரிரு எழுத்துகள்தான். நெல்லிக்கு ஓர் எழுத்து, ஸ்லௌ ஊருக்கு இரண்டு. டோமலினுக்கு முன்பே ஃபீலிக்ஸ் ஐல்மர் என்ற நடிகர் அதைப் பிடித்துக்கொண்டு, ஸ்லௌ ஊரின் வரிப் புத்தகங்களைப் புரட்டி, டிரிங்கம் என்ற பொய்ப்பெயரில் வாடகை வீடு இருந்ததைக் கண்டார். காதல் கடிதம் எரிந்துபோகும். வரிக் கணக்கு எரியாது.

அதே குறிப்பில் தந்திக்கான சங்கேதமும் இருக்கிறது. ‘எல்லாம் நலம்’ என்று அமெரிக்காவிலிருந்து தந்தி வந்தால் நெல்லி கப்பலேறலாம். ‘பத்திரம், நலம்’ என்று வந்தால் வர வேண்டாம். டிக்கன்ஸ் பாஸ்டனிலிருந்து அனுப்பியது இரண்டாவது. பிளாரன்ஸில் அக்காள் வீட்டில் காத்திருந்த நெல்லிக்கு அது எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சொல்கூட ஆதாரமில்லை. அந்தத் தந்தியைப் படித்ததும் நூலை மூடிவிட்டுச் சற்று உட்கார்ந்திருங்கள்.

கூடுமானால் பிற்பதிப்பையே வாங்குங்கள். முதல் பதிப்பைப் படித்த ஒரு வாசகர், டிக்கன்ஸ் இறப்பதற்கு முன் மயங்கி விழுந்தது தன் வீட்டில் அல்ல, நெல்லி வசித்த பெக்கத்தில் என்று தன் குடும்பத்தில் வழங்கிவந்த செய்தியை எழுதி அனுப்பினார். டோமலின் அதை ஒதுக்கவுமில்லை, உண்மை என்று சாதிக்கவுமில்லை. சாதகம் பாதகம் இரண்டையும் எடைபோட்டுத் தனி அத்தியாயமாகச் சேர்த்தார். அச்சான நூலை மறுபடி திறக்கும் இந்த நேர்மைதான் எனக்கு அவரிடம் மிகப் பிடித்தது.

ருசி பிடித்துவிட்டால் அடுத்து, நடிகை டோரா ஜோர்டனைப் பற்றிய அவருடைய 1994-ஆம் வருட நூல். 2011-இல் டிக்கன்ஸையே முழுமையாக எழுதினார். நெல்லி வரும் பகுதிகளை இரு நூல்களிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

நெல்லி நூலின் கடைசிப் பகுதியை மட்டும் பாதியில் நிறுத்தாமல் படித்துவிடுங்கள். டிக்கன்ஸின் உயிலில் முதல் கொடையாக 1,000 பவுண்டு நெல்லியின் பெயருக்குத்தான் எழுதியிருந்தது. 1876-இல் நெல்லி தன் வயதில் பத்துக்கு மேல் குறைத்துச் சொல்லித் திருமணம் செய்துகொண்டார். பிள்ளைகள் பிறந்தார்கள். 1914-இல் அவர் இறந்த பிறகு, விட்டுப்போன காகிதங்களைப் பார்த்துத்தான், தன் அம்மா ஒரு நடிகை என்பதே மகனுக்குத் தெரியவந்தது.