கூடினர், கலக்கவில்லை

தொப்பூர்க் கணவாயில் பாரம் ஏற்றிய லாரிகள் முனகி ஏறும் ஓசைக்கு நடுவே, மாணவர் ஒருவர் கொணர்ந்து தந்த 'சூப்பர்ஹெவி' இசைத்தொகுப்பை இரண்டு முறை கேட்டோம். 2011இல் வெளிவந்தது. மிக் ஜாகர், டேவ் ஸ்டூவர்ட், ஜாஸ் ஸ்டோன், டேமியன் மார்லி ஆகியோருடன் நம் ஜனாப் ஏ. ஆர். ரஹ்மான் அவர்களும் சேர்ந்த குழு. 2008இல் 'ஜோதா அக்பர்' படத்தில் அவர் தாமே பாடிய 'க்வாஜா மேரே க்வாஜா'வை உருகிக் கேட்ட செவியல்லவா நம்முடையது! எதிர்பார்ப்பு எழாதா?

ஏமாந்தோம். ராக்கும் ரெகேயும் நம் நாட்டுப் பண்ணும் முறைவைத்து வந்து போகின்றன. ஒன்றை மற்றொன்று தொடவில்லை. 'சத்யமேவ ஜயதே'யில் ஜாகர் சமஸ்கிருதத்தில் பாடுகிறார். முயற்சி பாராட்டுக்குரியதே. ஆயினும் சொற்கள் நாவிலேயே நின்றுவிடுகின்றன, இசைக்குள் இறங்கவில்லை.

உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் அரபுப் பெயர்கள் விருத்தச் சந்தத்துக்குள் புகுந்து தமிழாகவே ஒலிக்கின்றன அன்றோ? அங்கே விருந்தை வரவேற்க வீட்டுக்காரர் ஒருவர் இருந்தார். இங்கே ஐவருமே விருந்தினர்; உலை வைத்தவர் எவர்? ரஹ்மான் அவர்களின் கைவண்ணத்தைத் தேடித்தேடிக் கேட்க நேர்ந்ததே நமக்குப் பெருவருத்தம்.

அக்குழு அதன்பின் வேறு தொகுப்பு எதுவும் வெளியிடவில்லை. நாமோ அன்றிரவு மீண்டும் 'க்வாஜா'வையே போடச் சொன்னோம்.