போதாமையோடு உழைத்தவர்கள்

பயிற்சி இல்லாதவர்கள் ஆய்விலிருந்து ஒதுங்கி நிற்க வேண்டும் என்ற பேச்சு இப்போது கருத்தரங்க மேடைகளில் மிக மரியாதையான குரலில் ஒலிக்கிறது. கோட்பாடு கற்றவர்களுக்கும், நெறியாளரிடம் முறையாகப் பயின்றவர்களுக்கும்தான் இனி இந்தத் துறையாம். பள்ளி ஆசிரியரும் அஞ்சல் அலுவலரும் நூல் எழுதிய காலம் மலையேறிவிட்டதாம். இதைக் கேட்டுத் தலையாட்டுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இருபது வயதில் ஒரு பெரிய நூலுக்குக் குறிப்பெடுக்கத் தொடங்கியவர்கள். வேலை, கல்யாணம், வீட்டுக் கடன் என்று ஆண்டுகள் ஓடியபின், ‘அதற்கெல்லாம் நமக்கு எங்கே அறிவு’ என்று நோட்டுகளைக் கட்டிப் பரணில் போட்டவர்கள். அவர்களுடைய ஏக்கம் உண்மையானது. அதற்கு அவர்கள் சொல்லிக்கொள்ளும் காரணம் மட்டும் தமிழாய்வின் வரலாற்றோடு ஒட்டவில்லை.

உ.வே.சாமிநாதையரின் கதை எல்லோருக்கும் தெரியும். 1880 அக்டோபரில் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டதும், அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று இவர் அடுக்கியதும், முதலியார் அசையாமல் இருந்ததும் பாடப்புத்தகம் வரை வந்துவிட்டன. அதற்குப் பின் நடந்ததை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். முதலியார் கொடுத்த சீவக சிந்தாமணிப் பிரதி கைக்கு வந்தபோது மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவருக்கு, ஒரு கல்லூரித் தமிழாசிரியருக்கு, அது புரியவில்லை. சமண மரபு தெரியாமல் நச்சினார்க்கினியர் உரையில் ஓரடி நகர முடியவில்லை. கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து கேட்டுக் கற்றுக்கொண்டார். பதிப்பு வெளிவந்தது 1887இல். தெரியாது என்ற கூச்சம் அவரை வீட்டோடு இருத்தியிருந்தால் சிந்தாமணி நமக்கு எப்போது கிடைத்திருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது. கைவிட்ட ஆசையும் அவருக்கு உண்டு. மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் தொடங்கிய சங்கீதப் பயிற்சியை, தம் தமிழாசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்பதால் பாதியில் நிறுத்தினார்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சி.வை.தாமோதரம் பிள்ளை, போதாமையோடு துணிவதைப் பற்றி வெளிப்படையாகவே சொன்னார். பெரிய பட்டங்களைச் சுமப்பவர்கள் பிழை வந்தால் பெயர் கெடும் என்று அஞ்சுகிறார்கள். இன்னும் பல காலம் படிக்கும் உரிமையுள்ள தம்மைப் போன்றவர்கள்தான் துணிந்து கைவைக்க வேண்டியிருக்கிறது என்பது அவருடைய பதிப்புரை ஒன்றின் சாரம். வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை என வரிசையாக வந்த பதிப்புகளுக்குப் பின்னால் இந்தத் துணிவு நிற்கிறது. பிழைகள் இருந்தன. அவற்றைத் திருத்தப் பின்வந்தவர்களுக்கு ஓர் அச்சுப் பிரதியும் இருந்தது.

அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளை விரைவாகப் பார்த்துவிடலாம். அஞ்சல் துறையில் வேலை பார்த்த வி.கனகசபைப் பிள்ளை, சங்க நூல்களை வைத்துப் பழந்தமிழர் வாழ்வை ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1904இல் வந்தது. பள்ளியாசிரியர் ஆ.சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி, அச்சிட ஆளில்லாமல் கிடந்து, பாண்டித்துரைத் தேவரின் உதவியால் 1910இல் வெளியானது. தஞ்சாவூரில் சித்த மருத்துவம் பார்த்த ஆபிரகாம் பண்டிதர் சொந்தப் பணத்தில் இசை மாநாடுகள் நடத்தி, 1917இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார். இரண்டு ஆண்டுகளில் மறைந்தார். இரண்டாம் பாகத்தை 1946இல் கொண்டுவந்தவர் அவர் மகள் மரகதவல்லி. இந்த வரிசையில் ஒரு பெண்ணின் பெயர் தந்தையின் நூலை முடித்தவராக மட்டுமே வருவது உறுத்துகிறது. ‘உனக்கு எதற்கு இதெல்லாம்’ என்று பிறர் சொல்லிச் சொல்லியே பெண்களிடம் போதாமையை வளர்த்தார்கள். அதனால் எழுதப்படாமல் போனவற்றுக்கு எந்தப் பட்டியலும் இல்லை.

நான் நின்று பேச விரும்புவது மயிலை சீனி.வேங்கடசாமியைப் பற்றி. 1900இல் மயிலாப்பூரில் பிறந்தவர். ஓவியராக வேண்டும் என்று எழும்பூர் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். குடும்ப நிலைமையால் படிப்பைத் தொடர முடியவில்லை. நீதிக்கட்சியின் ‘திராவிடன்’ இதழில் வேலை பார்த்தார். பிறகு தொடக்கப் பள்ளி ஆசிரியர். பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது, நெறியாளர் கிடையாது, நல்கை கிடையாது. பகலெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவிட்டு அவர் எழுதியவை: 1936இல் கிறித்தவமும் தமிழும், 1940இல் பௌத்தமும் தமிழும், 1954இல் சமணமும் தமிழும். சைவ வைணவ இலக்கியமே தமிழ் இலக்கியம் என்ற பழக்கத்தை அசைத்த மூன்று நூல்கள். ஓவியராக முடியாதவர் 1956இல் தமிழர் வளர்த்த அழகுக் கலைகளை எழுதினார். கட்டடம், சிற்பம், ஓவியம், இசை, கூத்து, காவியம் எல்லாம் அதில் உண்டு. தூரிகை கைவிட்டுப் போன இழப்பு அந்த நூலின் ஓவியப் பக்கங்களில் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

அவருடைய வேலை முறையைக் கிட்டத்தில் பார்க்க ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ போதும். யாப்பருங்கல விருத்தி, நச்சினார்க்கினியர் உரை, தக்கயாகப்பரணி உரை, புறத்திரட்டு என்று ஒவ்வொன்றாக எடுத்து, உரையாசிரியர் போகிற போக்கில் குறிப்பிடும் நூற்பெயரைக் குறித்துக்கொள்கிறார். அந்த நூலிலிருந்து எங்காவது ஒரு செய்யுள் மிஞ்சியிருந்தால் அந்தப் பெயரின் கீழ் சேர்க்கிறார். செய்யுள் கிடைக்காத இடத்தில் பெயரோடு நிறுத்திக்கொள்கிறார். ஊகத்தால் இட்டு நிரப்புவதில்லை. இந்த வேலைக்கு மேதைமை தேவைப்படவில்லை. உரைகளை முழுக்கப் படிக்கும் பொறுமையும், கண்டதை மட்டும் சொல்லும் நேர்மையும் தேவைப்பட்டன. இன்றும் ஒரு காணாமற்போன நூலைத் தேடுகிறவர் முதலில் திறப்பது அதைத்தான். அவரிடமும் குறை உண்டு. கோயில்களையும் தெய்வங்களையும் பௌத்த மூலத்தோடு இணைக்கும்போது சில இடங்களில் சான்றை மீறிப் போகிறார். அந்த இடங்களை இன்று நாம் மறுக்க முடிவதற்கு, அவர் சான்றுகளை மறைக்காமல் வைத்ததே காரணம்.

அவருக்குப் பின் வந்த காலத்தைப் பற்றி மென்மையாக எழுத என்னால் முடியவில்லை. பல்கலைக்கழகங்கள் பெருகின, முனைவர் பட்டம் பதவி உயர்வுக்குப் படியானது. ஒரு புலவரின் பெயரைப் போட்டு, பக்கத்தில் ‘ஓர் ஆய்வு’ என்று சேர்த்தால் தலைப்பு தயார் என்ற நிலை வந்தது. வையாபுரிப் பிள்ளையைப் போன்ற ஒருவர் வழக்கறிஞர் தொழிலை விட்டு வந்து பேரகராதியைச் செம்மை செய்த பல்கலைக்கழகம் பெரிய கொடை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பட்டம் வாங்கியவர் தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் வழக்கம் அங்கே தேய்ந்துபோனது. பட்டம் வாங்காதவரோ தமக்குத் தெரிந்ததையும் சொல்லத் தயங்கினார். இரண்டும் சேர்ந்து ஒரு தலைமுறையை வீணாக்கின.

அந்த ஆண்டுகளிலும் நல்ல வேலை வெளியிலிருந்து வந்துகொண்டேதான் இருந்தது. ஐ.ஏ.எஸ். அதிகாரியான ஐராவதம் மகாதேவன் புகளூர்ப் பாறையில் சேர மன்னர் பெயர்களை 1965இல் படித்தார். தமிழ் பிராமி பற்றிய பெருநூலை வெளியிட 2003 ஆயிற்று. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிய ரோஜா முத்தையா ஆய்வு நூல் எழுதிப் பெயர் வாங்கியவர் அல்ல. பழைய நூல்களையும் இதழ்களையும் நோட்டீசுகளையும் சேர்த்தார். அவர் மறைவுக்குப் பின் 1994இல் சென்னையில் நூலகமாகிவிட்ட அந்தச் சேகரத்தைத் தொடாமல் அச்சுப் பண்பாட்டைப் பற்றி இன்று யாரும் எழுத முடியாது.

ஆகவே பரணில் நோட்டை வைத்திருப்பவரிடம் கேட்க வேண்டியது, தமிழ் இலக்கியத்தின் முழு வரலாற்றை அல்ல. வேங்கடசாமி 1962இல் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் இலக்கியத்தைத் தொகுத்துத் தந்தார். அடுத்த நூற்றாண்டின் முற்பகுதியில் சிறு நகரங்களில் இயங்கிய அச்சகங்கள் என்னென்ன போட்டன என்பதை ஊர் ஊராக யாராவது எழுத வேண்டும். திருமண வாழ்த்து மடல்கள், கும்மிப் பாட்டுகள், தல புராண வசனங்கள், சாதிச் சங்க அறிக்கைகள், கொலைச் சிந்துகள் எல்லாம் அந்த அச்சகங்களில் வந்தவை. கிளை நூலகத்தின் அடித்தட்டிலும், மூடிப்போன வாசகசாலை ஒன்றின் பீரோவிலும், அச்சுக்கோத்தவரின் பிள்ளைகள் வீட்டிலும் இன்னும் கொஞ்சம் கிடைக்கும். ஓர் ஊர், ஓர் அச்சகம், கண்ணில் பட்ட நூல்களின் முகப்பில் இருக்கும் பெயர், ஆண்டு, விலை. விடுமுறை நாட்களில் செய்யலாம். அச்சகத்தில் வேலை பார்த்த பெரியவர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டும்.