கட்டைவிரல் கேட்காத புத்தகம்

ஏப்ரல் 14 அன்று எங்கள் காலனி மாலை வகுப்புப் பிள்ளைகளுக்குப் புத்தகம் பரிசு கொடுப்பது என்று முடிவானது. வழக்கமாக நோட்டும் பேனாவும்தான். இந்த முறை தெருவில் வசூலான 6,000 ரூபாயை என் கையில் கொடுத்து, "நீதான் எழுதறவனாச்சே, பாத்து வாங்கியா" என்றார்கள். பிள்ளைகள் 38 பேர். தலைக்கு நூற்றைம்பது ரூபாய் சொச்சம். கடைக்குள் நுழைந்த பிறகுதான் இது பணத்துச் சங்கடம் மட்டுமில்லை என்று தெரிந்தது.

எனக்கும் ஒருமுறை புத்தகம் பரிசு கிடைத்திருக்கிறது. ஏழாம் வகுப்பில், கட்டுரைப் போட்டியில் முதலாவது வந்ததற்கு. நீதிக்கதைகள். அதில் ஏகலைவன் கதைக்கு 'குருபக்தி' என்று தலைப்பு. வேடர் மகனுக்குக் கற்றுத்தர மாட்டேன் என்று விரட்டிய ஆள், தானாகக் கற்றுக்கொண்டவனிடம் வந்து கட்டைவிரலைக் கூலியாகக் கேட்கிறான். படத்தில் ரத்தம் இல்லை. ஏகலைவன் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பை நான் பல வருசம் நம்பினேன். அதைத்தான் சொல்ல வேண்டும். வாத்தியார் திட்டினால்கூட அப்படிச் சிரிக்கப் பழகியிருந்தேன்.

அதே கதை இன்றைக்கும் வழவழத் தாளில், பல வண்ணத்தில், கடையில் அடுக்கியிருக்கிறது. பக்கத்தில் நந்தனார். நெருப்பில் இறங்கினால்தான் உள்ளே விடுவார்கள் என்பதைப் பக்தி என்று எட்டு வயசுப் பிள்ளைக்குச் சொல்லித்தருகிற துணிச்சல் நம் பதிப்பாளர்களுக்கு இருக்கிறது. அரக்கன் என்றால் கருப்பு. முனிவர் என்றால் சிவப்பு. இதற்கெல்லாம் விமர்சனம் எழுதி ஓய்ந்துவிட்டோம்.

எனக்கு அதிகம் எரிச்சலூட்டியது வேறொரு வகை, 'நல்லெண்ண'க் கதைகள். துப்புரவுத் தொழிலாளி மகன் வருவான். வந்தவன் சும்மா விளையாட முடியாது. ஒரு மணிபர்ஸைக் கண்டெடுத்துத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். உடையவர் மனம் இளகிப் படிக்க வைப்பார். திருடாமல் இருப்பதையே சாதனையாகக் காட்டவேண்டிய பிள்ளை எந்தச் சாதிப் பிள்ளை என்று எழுதியவருக்குத் தெரியும், படிக்கிற நம் பிள்ளைக்கும் தெரியும்.

சரி, நம்ம புத்தகங்கள்? நவயானா 2011இல் கொண்டுவந்த 'பீமாயணம்' தமிழிலும் வந்திருக்கிறது. துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் இருவரும் பர்தான் கோண்டு ஓவியர்கள். கட்டம் கட்டமாகப் பிரிக்காமல் பக்கம் முழுக்கப் படரவிட்டிருக்கிறார்கள். சாதி விஷம் கக்குகிற பேச்சுக்குத் தேள்கொடுக்கு வைத்த குமிழ், இதமான பேச்சுக்குப் பறவை வடிவக் குமிழ். பள்ளியில் பியூன் ஊற்றினால்தான் பீமுக்குத் தண்ணீர். பியூன் வராத நாளில் தாகம்தான். 1901இல் மசூர் ஸ்டேஷனில் இறங்கி, கோரேகாவுக்கு மாட்டுவண்டியில் போன பிள்ளைகளின் பயணமும் அதில் உண்டு. மகர்கள் என்று தெரிந்ததும் வண்டிக்காரர்கள் மறுக்கிறார்கள். இரட்டை வாடகை கொடுத்துப் பிள்ளைகளே ஓட்டிப் போனார்கள்.

மாதிரிக்கு ஒரு பிரதி வாங்கிவந்து வகுப்பில் காட்டினேன். தேள்கொடுக்கைப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள். யார் யார் பேச்சுக்கு அந்தக் குமிழ் போடலாம் என்று ஊர்ப் பெயர்களாகச் சொல்லிச் சிரித்தார்கள். ஆனால் ஒரு பெண்ணின் அம்மா புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்பா, பரிசு குடுக்கிற அன்னிக்கும் தண்ணி குடுக்காத கதைதானா? அது எம்புள்ளைக்குத் தெரியாதா?"

எனக்குப் பதில் வரவில்லை. இதற்குக் கோட்பாடு பேசித் தப்பிக்க முடியாது. வலியை எழுதுவதில் நாம் பெரிய வேலை செய்திருக்கிறோம். 'கருக்கு' 1992, 'வடு' 2005, வால்மீகியின் 'ஜூட்டன்' 1997. மூன்றிலும் குழந்தைகள் நிறைந்திருக்கிறார்கள். ஆனால் மூன்றும் வளர்ந்தவர்களுக்கான புத்தகங்கள். நம் குழந்தைப் பருவத்தை மற்றவர்கள் வெட்கப்படுவதற்காக எழுதினோம். நம் குழந்தைகள் படிப்பதற்கென்று எழுதினோமா? அதே சமயம், தண்ணீர்க் கதையை ஒளித்துவைத்துவிட்டு முயலும் ஆமையும் கொடுப்பதும் நேர்மையில்லை. 2023இல் நாங்குநேரியில் தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள். பிள்ளைகள் மணிக்கட்டில் ஏறிய சாதிக் கயிற்றை வைத்து விஷ்ணுபுரம் சரவணன் 'கயிறு' எழுதியது காலத்தில் செய்த வேலை. அதைப் பெரிய பிள்ளைகளுக்கு எடுத்துக்கொண்டேன்.

அந்த அம்மாவின் கேள்வியோடு மறுபடி தேடியபோது வேறு சில கண்ணில் பட்டன. மஹாஸ்வேதா தேவியின் மொய்னா ஆடு மேய்க்கிற சபர் சிறுமி. எல்லாவற்றுக்கும் ஏன் ஏன் என்கிறாள். மிச்சத்தை நான் ஏன் தின்னணும் என்கிறாள். அடங்காத பிள்ளை, யார் மணிபர்ஸையும் தேடிக் கொடுக்கவில்லை. துலிகா வெளியீடு, தமிழிலும் உண்டு. ஹைதராபாத் அன்வேஷி 2008இல் கொண்டுவந்த வரிசையில் கோகு ஷ்யாமளாவின் தாடகி இருக்கிறாள். தாடகை என்றால் ராமன் அம்பில் சாகிற அரக்கிதானே? இங்கே தலைப்பிலேயே ஜெயிக்கிறாள். அதே வரிசையில் கதீர் பாபு கதைக்குப் பெயரே தலைக்கறி. இட்லியும் பாயசமும் மட்டுமே மணக்கிற சிறுவர் இலக்கியத்தில் ஒரு வீட்டில் தலைக்கறி வேகிறது! அது தமிழில் கிடைக்காத வருத்தம் எனக்குப் பெரிசு.

காஞ்சா அய்லய்யா 2007இல் எழுதிய 'டர்னிங் த பாட், டில்லிங் த லேண்ட்' புத்தகத்தை வகுப்புக்குப் பொதுவாக வைத்தேன். பானை, தறி, தோல், சவரம் என்று ஒவ்வொன்றையும் அறிவாக விளக்குகிறார். நாவிதரை முதல் மருத்துவர் என்கிறார். சில இடங்களில் பாடப்புத்தக நெடி அடிக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் தோல் பற்றிய பக்கத்தை நான் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தபோது வாசலில் உட்கார்ந்திருந்த தாத்தா ஒருவர் எழுந்து வந்து, ஆவாரம்பட்டையில் தோலை எத்தனை நாள் ஊறப்போடணும், எப்ப திருப்பணும் என்று அரைமணி நேரம் பேசினார். பேரன் வாய் பிளந்து கேட்டான். அந்தத் தொழிலைப் பற்றி வீட்டில் அவர் வாயே திறந்ததில்லையாம்.

கடைசியில் சின்னதுகளுக்கு மொய்னா, பெரியதுகளுக்குக் 'கயிறு', வகுப்பு அலமாரிக்கு மற்றவை. 240 ரூபாய் மிச்சம். அந்த அம்மாவின் மகள் மொய்னாவை அன்றைக்கே முடித்துவிட்டு, "வேற இருக்கா?" என்று வந்து நின்றாள். தமிழில், அவள் தெருவில் நடக்கிற மாதிரி, வேறு எதைக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. தோழர்களே, எழுதுகிறவர்கள் யாராவது எழுதிக் கொடுங்கள். மாட்டுக்கறிக் குழம்பு கொதிக்கிற வீட்டில் ஒரு மழைநாள். கூரை ஒழுகட்டும், பிள்ளைகள் காகிதக் கப்பல் விடட்டும். யாரும் சாக வேண்டாம், கடைசிப் பக்கத்தில் யாரும் கலெக்டர் ஆகவும் வேண்டாம்.